ஆறுக்கு அஞ்சு

கால் எப்படி ஒடிஞ்சதுன்னுதான தம்பி கேட்டிய? தேர்தல்ல ஒடிஞ்சது.

சிரிக்காதீங்க. பெட்டி வச்சு, ஊரே வரிசையில நின்னு மை வச்சிக்கிடுமே, அந்தத் தேர்தல் இல்ல. இது கட்சிக்குள்ள நடக்குத தேர்தல். எங்க கட்சி பேரு உழைப்போர் பொதுமைக் கட்சி. கேள்விப்பட்டிருக்க மாட்டிய. பரவாயில்ல, ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டுப் போனா போலீஸ்காரங்களே ‘இது எதுல இருந்து பிரிஞ்சது?’ன்னுதான் கேப்பாவ. மூணு தடவை ஒடைஞ்சதுல மிஞ்சின துண்டு நாங்க. துண்டுன்னாலும் சுத்தமான துண்டு.

ஒங்க அப்பா உறங்கட்டும், நான் மெதுவாவே பேசுதேன். இப்படிக் கட்டில்ல உக்காருங்க. கால் படாம. ஆங்.

நேத்து சாயங்காலம் தூக்குவாளியில சோறு கொண்டுட்டு வந்தாருல்லா, கட்டைவிரல்ல மாவுக்கட்டுப் போட்டுக்கிட்டு ஒரு ஆளு, ‘அவர்ட்ட குழம்புல உப்பு கம்மின்னு சொல்லுங்க’ன்னு ஒங்ககிட்ட சொன்னேம்லா, அவரு என் மச்சான். என் வீட்டுக்காரி வடிவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். திருமலைக்குமாருன்னு பேரு. ஆட்டோ ஓட்டுதாரு. கையெட்டுத தூரத்துல நிக்கித மனுசனுக்குப் பக்கத்துக் கட்டில் ஆள் மூலமா சேதி சொன்னா, நீங்க என்ன நினைச்சிருப்பியன்னு எனக்குத் தெரியும். லூசுன்னு நினைச்சிருப்பிய. ஆனா காரணம் இருக்கு தம்பி. கொள்கைக் காரணம்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுதவன். பேரு கோமதிநாயகம். புகைஞ்சுபோன தண்ணி மோட்டாரைக் கொண்டாந்து போட்டா மறுநாள் ஓட விட்டுருவேன். நானும் மச்சானும் ஒண்ணாத்தான் கட்சிக்கு வந்தோம். ரெண்டு பேருமே வட்டக் குழுவுல இருக்கோம். செயலாளர் போக பதினோரு பேரு கொண்டது எங்க வட்டக் குழு. எங்க செயலாளர் பலவேசம், சர்க்கரை கூடி மக வீட்டுக்கு ஓசூர் போயிட்டாரு. நாற்காலி காலி. ரெண்டு பேரு போட்டி.

ஒண்ணு, வக்கீல் தோழர் ஞானசுந்தரம். அவரு எங்காளு. இன்னொண்ணு மரியபுஷ்பம். விசைத்தறிச் சங்கத்து அம்மா.

இதுல ஒப்பிடவே என்ன இருக்கு, சொல்லுங்க. நீங்க படிச்ச பிள்ளை. நான் ரெண்டு பக்கத்தையும் நடுநிலையாச் சொல்லுதேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

ஞானசுந்தரம் மைக்கைப் பிடிச்சா குரலு வெங்கலம் மாதிரி இருக்கும். நகராட்சியில குடிதண்ணி வரலன்னு போராட்டம் நடத்தினோம். முக்கால் மணி நேரம் பேசினாரு. பொலிவியாவுல தண்ணிய எப்படித் தனியாருக்கு வித்தாவ, மக்கள் எப்படி எந்திரிச்சாவ, எல்லாம் விவரமா. எங்க ஊர் குழாயைப் பத்தி மட்டும் பேச நேரமில்லாமப் போச்சு. அதை ஒரு குறைன்னு சொல்லுதாவ! பொலிவியாவைப் புரிஞ்சுக்கிட்டா குழாய் தன்னால புரியாதா?

புஷ்பம் அப்படி இல்ல. அந்தம்மாவுக்குத் தத்துவம் கிடையாது. நாம உலக நிலைமையைப் பேசிக்கிட்டு இருக்கும்போதே உறங்கிரும். குறட்டை வேற. முடிஞ்சதும் முழிச்சு, ‘சரி, நாளைக்கு என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க’ன்னு கேக்கும். வாயும் சுத்தமில்ல. ஒரு தடவை குடிதண்ணிக்குன்னு கெளப்பின ஊர்வலத்தை நகராட்சிக்குக் கொண்டு போகாம வழிமாறி மின்சார ஆபீஸுக்குக் கொண்டு போயிட்டுது. அங்க இருந்தவங்க பயந்துபோயி, மூணு மாசமா எரியாமக் கெடந்த தெருவிளக்கை எல்லாம் அன்னைக்கே எரிய விட்டுட்டாவ. இதையும் ஒரு வெற்றின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாவ அவுக ஆளுங்க. தப்பான ஆபீஸ் தம்பி! தப்பான ஆபீஸ்ல கெடச்சா அது வெற்றியா?

போன தீபாவளிக்கு ஒரு தறி முதலாளி போனஸைக் குறைச்சுட்டான். ஞானசுந்தரம் தொழிலாளிகளைக் கூட்டி வச்சு உபரி மதிப்புன்னா என்ன, நம்ம உழைப்புல முதலாளி எடுத்துக்கிடுத பங்கு எதுன்னு விளக்கினாரு. அவ்வளவு அழகா யாரும் விளக்க முடியாது. புஷ்பம் என்ன செஞ்சுது? ஒரு முக்காலியத் தூக்கிட்டுப் போயி முதலாளி கார் வெளிய வராதபடிக்கு அவன் வீட்டு வாசல்ல போட்டு உக்காந்துட்டுது. மதியத்துக்குச் சோறும் கட்டிக்கிட்டு. சாயங்காலம் போனஸ் வந்துட்டு. வந்துட்டுதான், நான் இல்லேங்கல. ஆனா விஞ்ஞான முறைப்படி வந்த போனஸ் இல்ல அது.

ஒரு விசயம் சொல்லுதேன். பல வருசத்துக்கு முன்ன மே தினக் கூட்டம். நான் மேடைக்குக் கீழ மைக் செட்டு ஒயரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். ஞானசுந்தரம் பேசிக்கிட்டே வந்தவரு, திடீர்னு, ‘நம் தோழர் கோமதிநாயகத்தைப் போன்ற தொழில்நுட்ப உழைப்பாளிகள்தாம் நாளைய உலகின் முதுகெலும்பு’ன்னாரு. என் பேரு! மைக்குல! பஜார் பூரா கேட்டுது. அதுவரைக்கும் என் பேரை யாரு சத்தமாச் சொல்லியிருக்கா? கடன்காரனும் எங்க அய்யாவும்தான். அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இவருதான் நமக்குன்னு. வடிவு கேட்டா, ‘அதுக்கப்புறம் எப்பவாவது ஒங்க பேரைச் சொன்னாரா?’ன்னு. ஒரு மனுசன் எத்தனை தடவை சொல்லுவான்?

சரி, தேர்தலுக்கு வாரேன். வாக்குக் கேட்டு ஞானசுந்தரம் யாரு வீட்டுக்கும் போகல. ‘நான் போனால் பதவி ஆசை என்று ஆகிவிடும் தோழர், நீங்கள் போங்கள்’னாரு. எவ்வளவு நாகரிகம் பாருங்க. ரெண்டு மாசம் கடையை அரைநாள் பூட்டிப்போட்டுட்டு நான்தான் அலைஞ்சேன். சவரிமுத்துன்னு ஒரு தோழர், செங்கல் சூளையில வேலை. ‘வக்கீலு எங்க தெருவுக்கு ஒரு நாளாவது வந்திருக்காரா?’ன்னு கேட்டான். நான் சொன்னேன், ‘வியட்நாமுக்கே போகாம வியட்நாமைப் பத்திப் பேசுதாரு, ஒன் தெருவுக்கு எதுக்குடே வரணும்?’ அன்னைக்கு அவன் வீட்டு மோட்டாருக்குக் காயில் கட்டிக் குடுத்தேன், சும்மா. அது லஞ்சம் இல்ல. தோழமை. அதோட எனக்கு ஆறு வாக்கு உறுதியாச்சு. அந்தப் பக்கம் அஞ்சு. ஆறுக்கு அஞ்சு.

அந்த அஞ்சுல ஒண்ணு என் மச்சான்.

எங்க மகளுக்கு வளைகாப்பு வச்சோம். பந்தியில மச்சான் என் பக்கத்து எலையில. எனக்கு அப்பளத்தை வச்சுக்கிட்டே கேட்டாரு, ‘மாப்ளே, நம்ம ஊர்ல எத்தனை தறி ஓடுதுன்னு ஒம்ம வக்கீல்ட்ட கேட்டுச் சொல்லும் பாப்போம்.’

‘ஒங்க புஷ்பத்துக்கு ஏகாதிபத்தியம்னு எழுதத் தெரியுமா?’ன்னேன்.

‘எழுதத் தெரியாது. நம்ம பயலுவளப் பிடிச்சு வச்சா ஸ்டேசனுக்குப் போயி வெளிய கூட்டிட்டு வரத் தெரியும்.’

‘மச்சான், ஒங்களுக்குத் திருத்தல்வாதம் முத்திப்போச்சு’ன்னு சொல்லிட்டேன்.

சொல்லிட்டேன் தம்பி. ஒங்களுக்கு இது சாதாரண வார்த்தையாத் தெரியும். எங்க கட்சியில அது கொள்கையை வித்துட்டேன்னு சொல்லுதது, அம்மாளை வஞ்ச மாதிரி. மனுசன் எலைய மடிச்சாரு, பாயசம்கூட வரல அதுக்குள்ள, எந்திரிச்சுட்டாரு. வடிவு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலே அழுதா. நான் போயி சமாதானம் பேசலாம்னுதான் இருந்தேன். ஆனா யாரு மொதல்ல பேசுதது? கொள்கை யார் பக்கம் இருக்கோ அவன் மொதல்ல பேசப்படாது. அதோட நின்னுபோச்சு பேச்சு.

மாநாட்டு நாள் வந்துது. எங்க கட்சி ஆபீஸ் மாடியில வச்சு நடந்துது. மெட்ராஸ்ல இருந்து மாநிலப் பொறுப்பாளர் வந்தாரு. வந்ததும் வராததுமா, ‘போட்டி கூடாது தோழர்களே, ஒருமனதாக இருக்க வேண்டும்’னு சொல்லி, ஞானசுந்தரத்தையும் புஷ்பத்தையும் கொடிக்கம்பு போட்டு வைக்கித ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு. டீ உள்ள போச்சு. வடை போச்சு. திரும்ப வடை போச்சு. நான் வெளியில சிரிச்சுக்கிட்டு நிக்கேன். எங்கிட்டதான் கணக்கு இருக்கே! ரூமுக்குள்ள என்ன பேசுனாலும் ஆறு ஆறுதான?

அந்தத் தைரியத்துல முன்கூட்டியே ஒரு பிளக்ஸ் அடிச்சு வச்சிருந்தேன். ‘வட்டச் செயலாளராகத் தேர்வு பெற்ற தோழர் வக்கீல் ஞானசுந்தரம் அவர்களுக்குச் செவ்வணக்கம்.’ அவரு படம் பெருசா. என் படம் சின்னதா, மூலையில. சின்னதாத்தான். அவங்க டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள கட்டிரலாம்னு தெருப்பக்கம் ஏணியச் சாத்தி ஏறிட்டேன். ஏணி கொஞ்சம் ஆட்டம். மேல போயிக் கீழ பாத்தா, ஏணியப் பிடிச்சுக்கிட்டு மச்சான் நிக்காரு. ஒரு வார்த்தை பேசல. பிளக்ஸையும் பாக்கல. ஏணியப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டு நிக்காரு. நானும் பேசல. ரெண்டு முனை கட்டிட்டேன். மூணாவது முனையில கயிறு போடுதேன், குழாய் ரேடியோ கரகரன்னுது. அதையும் காலையில நான்தான் கட்டினேன், தெரு பூரா கேக்கணும்னு.

ஞானசுந்தரம் குரல். ‘தோழர்களே, தனிமனிதரைவிட இயக்கம் பெரிது. வரலாறு இந்தக் கணத்தில் நம்மிடம் தியாகத்தைக் கேட்கிறது. ஆகவே, வட்டச் செயலாளர் பொறுப்புக்குத் தோழர் மரியபுஷ்பத்தின் பெயரை நான் முன்மொழிகிறேன்.’

அடுத்தாப்புல கைதட்டு. சவரிமுத்து கைதட்டுதது எனக்குத் தனியாக் கேட்டுது. செங்கல் சுமக்குத கை, தனிச் சத்தம்.

எனக்கு என்ன செய்யன்னு தெரியல தம்பி. ஒரு முழக்கம் போடணும்னு ஒரு கையத் தூக்கிட்டேன். தூக்கின பெறகுதான் யோசிக்கேன், என்னத்தைச் சொல்ல? வாழ்கன்னா யாரு வாழ்க? ஒழிகன்னா யாரு ஒழிக? நம்ம தலைவரே முன்மொழிஞ்ச ஆளை ஒழிகன்னா, தலைவரையும் சேத்துல்லா ஒழிகன்னு ஆயிரும்? இந்த யோசனையில ரெண்டாவது கையும் மேல போயிட்டு.

பெறகென்ன. மச்சான் மேலதான் விழுந்தேன். அவரு இன்னும் கொஞ்சம் ஒழுங்காப் பிடிச்சிருக்கலாம், கட்டைவிரல் ஒடிஞ்சதுதான் மிச்சம். அறுந்து வந்த பிளக்ஸு எங்க ரெண்டு பேரு மேலயும் போர்வை மாதிரி மூடிட்டு. கண்ணத் தொறந்தா ஞானசுந்தரம் பல்லு மட்டும் தெரியுது, முறம் கணக்கா.

மேல வாழ்த்து நடக்குது. மாநிலப் பொறுப்பாளர் மாலையோட நிக்காரு. புஷ்பம் சத்தம் கேட்டு எறங்கி ஓடி வந்துட்டுது. வந்து, ‘சவத்து மூதி, ஏணியில ஏற ஒனக்கு இந்த நேரந்தானா கெடச்சுது?’ன்னு வஞ்சுது. செயலாளர் ஆன பெறகு அந்தம்மா ஆத்துன மொத உரை இதுதான். மச்சான் ஒடிஞ்ச விரலோட ஆட்டோவ எடுத்தாரு. பின்னால புஷ்பம் என் காலை அசையாம மடியில பிடிச்சுக்கிட்டு உக்காந்துது. பதவிக்கு வாரதுக்கு முன்னாலதான் எல்லாரும் காலைப் பிடிப்பாவ, இது பதவிக்கு வந்த பெறகு பிடிச்சுது. ரோட்டுல ஒவ்வொரு குழிக்கும் நான் ஆன்னு கத்த, முன்னால மச்சானும் ஆன்னு கத்த, ஊரு பூரா வேடிக்கை. அப்பவும் நாங்க பேசிக்கிடல.

வடிவு, மக பிரசவத்துக்குன்னு திருப்பூர் போயிருக்கா. அவகிட்ட வெறும் சுளுக்குன்னு சொல்லியிருக்கேன். அதனால இங்க எனக்கு எல்லாமே மச்சான்தான். காலையில இட்லி, ராத்திரிக்குச் சோறு, ஒடம்பு தொடைக்க, ஒண்ணுக்கு ரெண்டுக்குத் தூக்கிட்டுப் போக. ஆளு வாய் மட்டும் தொறக்க மாட்டாரு. முதல்ல எனக்குச் சந்தேகமா இருந்துது. இது நம்மளத் தன் கோஷ்டிக்கு இழுக்குத வேலையோன்னு. அரசியல்ல எதையும் சாதாரணமா எடுக்கப்படாது தம்பி. புஷ்பமும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. அவிச்ச முட்டை கொண்டு வருது. அன்னைக்கு ஒரு சோதனை பண்ணுனேன், ‘தோழர், உபரி மதிப்புன்னா என்ன?’ன்னு. ‘இந்த முட்டையில பாதிய நான் தின்னுட்டு, முழுசும் ஒனக்குத் தந்தேன்னு சொல்லுதது’ன்னுது. சிரிப்பு வந்துட்டு எனக்கு. தத்துவப்படி அது தப்பு. ஆனா சிரிப்பு வந்துட்டு.

ஞானசுந்தரமா? இன்னும் வரல. அவருக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. மாநிலக் குழுவுல எடம் தாரோம்னு அந்தக் கொடிக்கம்பு ரூமுல பேரம் நடந்துதுன்னு ஊர்ல பேசுதாவ. பேரம்னு சொல்லப்படாது. பரிமாற்றம். என்னைக் கேட்டா, பெரிய தந்திரம் எதையோ மனசுல வச்சுத்தான் விட்டுக் குடுத்திருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏணியில ஏறாம இருந்திருப்பேன். அவ்வளவுதான்.

இருங்க, போன் அடிக்கி. அந்தத் தலையணைக்கு அடியில பாருங்க. யாரு, பேரு என்ன வருது? ஞானசுந்தரமா! பாத்தியளா! சொன்னேம்லா!

செவ்வணக்கம் தோழர்! ஆமா தோழர்… இருக்கேன் தோழர்… இல்ல, மாவு காய்ஞ்சுட்டு, ஆறு வாரம் ஆகும்னு… ஆங்… மாவட்டத்துக்கா?… எப்பம்?… செய்யலாம் தோழர்… அங்க எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க உண்டு… செய்யலாம். தோழர், ஒண்ணு கேக்கணும். எனக்கு எந்தக் கால் ஒடிஞ்சுதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?… இல்ல, சும்மாதான் கேட்டேன்… ஹாஹா… சரி தோழர். சரி. வைக்கேன்.

மாவட்டச் செயலாளருக்கு நிக்காராம். மாநிலக் குழு சரிவரலையாம். போட்டியில இன்னும் ரெண்டு பேரு இருக்காவளாம். எனக்கு எப்பம் நடக்க முடியும்னு கேட்டாரு. வாக்குக் கேட்டு நாலு ஊருக்குப் போகணும்லா, அதுக்கு. என் காலைப் பத்தி விசாரிச்சாரு பாத்தியளா, அதைச் சொல்லுதேன்.

எந்தக் கால்னு கேட்டேம்லா, அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? ‘நம்ம கட்சிக்காரர் கால் ஒடிந்தால் அது இடது காலாகத்தானே இருக்கும் தோழர்!’ அப்படின்னு சொல்லிச் சிரிச்சாரு. நல்ல நகைச்சுவை அவருக்கு. எப்பவுமே. நானும் சிரிச்சேன்.

வலது கால் தம்பி. நீங்கதான் பாக்கியளே.

என்ன, நீங்க ஒண்ணும் பேச மாட்டேங்கிய. ஏதாவது பேசுங்க. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டா ஒரு மாதிரி இருக்கு.

அன்னைக்கு மைக்குல என் பேரைச் சொன்னாருல்லா, அதை இப்பம் நினைச்சுப் பாக்கேன். பேசிக்கிட்டு இருக்கும்போது குனிஞ்சு கீழ பாத்தாரு. நான் ஒயரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்த எடத்துல வேற யாராவது நின்னிருந்தா, அவன் பேரைத்தான் சொல்லியிருப்பாரு. சொல்லியிருப்பாரா மாட்டாரா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க.

அன்னா மச்சான் வாராரு. நடையப் பாருங்க, ஒரு பக்கமாச் சாஞ்சு. நாள் பூரா ஆட்டோ ஓட்டிட்டு வாராரு பாவம். ஒடிஞ்ச விரல வச்சுக்கிட்டு எப்படித்தான் ஆக்ஸிலேட்டரைத் திருகுதாரோ. தூக்குவாளிய எறக்கி வைக்காரு. பாக்க மாட்டாரு. நீங்க எந்திரிக்க வேண்டாம், இருங்க.

மச்சான்.

ஒங்களத்தான் மச்சான். எதுக்கு அந்தப் பையன் மூஞ்சியப் பாக்கிய, நான்தான் கூப்புடுதேன். மாவட்டச் செயலாளருக்குத் தேர்தல் வருதாம். வக்கீலு நிக்காரு. நான் யோசிச்சுப் பாத்தேன், இன்னைக்கு நாட்டு நிலைமைக்கு அவரைவிடப் புஷ்பம் நின்னாத்தான் சரியா வரும். நீங்க சொன்னதுக்காக இல்ல, நான் தத்துவ ரீதியாத்தான் சொல்லுதேன். பொலிவியாவுலயே இப்பம் பொம்பளைங்கதான் முன்னால நிக்காவளாம். அந்தம்மா வாக்குக் கேக்காது, அதுக்குக் கேக்கத் தெரியாது, முக்காலியத் தூக்கிட்டுப் போயி வாசல்ல உக்காந்துரும். அதனால நாம கேப்போம். நீங்க ஆட்டோவ ஓட்டுங்க, நான் பின்னால காலை நீட்டிக்கிட்டு உக்காந்து பேசுதேன். சவரிமுத்து வீட்டுல இருந்து ஆரம்பிப்போம். அந்தப் பய எங்கிட்ட மொகம் குடுக்க மாட்டான், நீங்க மொதல்ல எறங்குங்க. என்ன மச்சான் சொல்லுதிய? ஏதாவது சொல்லுங்க. வளைகாப்புல நான் சொன்ன வார்த்தை… அது கோவத்துல வந்தது. அந்தக் கூட்டத்துல, பிள்ளைய உக்கார வச்சுக்கிட்டு, நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது.

கேட்டியளா தம்பி, என்ன சொல்லுதாருன்னு? ‘அதெல்லாம் இருக்கட்டும் மாப்ளே, ஒண்ணுக்குப் போகணுமா, அதைச் சொல்லும்’னு கேக்காரு.

போகணும் மச்சான். மத்தியானத்துல இருந்து அடக்கிக்கிட்டுத்தான் கெடக்கேன்.